கந்தன் ஏன் கட்டிலில் சிறுநீர் கழிக்கிறான்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். செம்பூர் சேடா நகரில் கீழ்த்தள வீட்டில் பல வருடங்கள் இருந்தோம். கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போனதால் மூன்று மாதமாகத் திலக் நகரில் 14-வது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் பூனை கந்தனுக்கு ஐந்து வயது. முருகன் கோவில் பக்கம் குட்டியாகக் கிடைத்தவன். கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. பழைய வீட்டில் ஜன்னல் வழியாக இஷ்டம்போல் போய்வருவான். காம்பவுண்டு மண்ணில்தான் எல்லாம் முடிப்பான். இங்கே மூடி போட்ட லிட்டர் பாக்ஸ் (பூனையின் கழிப்பிடப் பெட்டி) வாங்கி, வாசனை போட்ட மண்ணும் வாங்கி, டிரை பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தோம். முதலில் போனான். இப்போது எங்கள் கட்டில், மடிக்க வைத்த துணி, கால்மிதி என்று வாரத்துக்கு மூன்று நான்கு முறை சிறுநீர் கழித்துவிடுகிறான். போன மாதம் இரண்டு முறை பாத்ரூம் ஜாலி (தண்ணீர் போகும் துளைத் தட்டு) மேல் வெகுநேரம் உட்கார்ந்து முக்கினான். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்தோம், சரியாகிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்குக் கத்தி எல்லோரையும் எழுப்புகிறான். மாமியார் நடந்தால் காலைப் பாய்ந்து பிடிக்கிறான். மடியில் தானாக வந்து படுத்தவன், தடவிக்கொண்டிருக்கும்போதே என் எட்டு வயது மகளைப் போன வாரம் கடித்துவிட்டான். “வீட்டை மாத்தின வன்மம் அதுக்கு” என்கிறார் மாமியார். பழைய கட்டட வாட்ச்மேனிடம் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கட்டிலையும் கடியையும் விட என்னைக் கவலைப்பட வைத்தது அந்த விளக்கெண்ணெய் வரிதான். “சரியாகிவிட்டது” என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பாத்ரூம் ஜாலி மேல் உட்கார்ந்து கந்தன் முக்கியது பெரும்பாலும் மலத்துக்காக இருக்காது, சிறுநீருக்காகத்தான் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. மலம் கழிக்கும் பூனை முதுகை வில்லாக வளைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கும். சிறுநீருக்கு உட்காரும் பூனை பின்பக்கத்தைத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிடும். வலி உள்ள பூனை அப்படியே நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், இரண்டு சொட்டு விடும், எழுந்து நாலு அடி போகும், திரும்ப வந்து உட்காரும், நடுநடுவே பின்பக்கத்தை நக்கும். மெத்து மெத்தென்ற துணியையும் மெத்தையையும் தேடுகிறவன் திடீரென்று சில்லென்ற வழவழப்பான தரையில் உட்காருகிறான் என்றால், சிறுநீர்ப்பையில் அழற்சி இருக்குமோ என்றுதான் எங்கள் சந்தேகம் முதலில் போகும்.

ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை நுனியில் மிகவும் குறுகலானது. அழற்சியால் வரும் சளி போன்ற கசிவும் படிகத் துகளும் சேர்ந்து அந்த நுனியை அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிரே போய்விடலாம். கருத்தடை ஆகி, வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கும் இளம், நடுவயது ஆண் பூனைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. கந்தன் அந்த வரையறைக்குள் அப்படியே வருகிறான். போன மாதம் அவன் தப்பித்தது விளக்கெண்ணெயால் இல்லை. அதை இனிமேல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஆகவே இந்தப் பதிலின் மற்ற பகுதிகளை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் உடனே செய்யுங்கள். இந்த வாரத்துக்குள் அவனை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். அதற்குள் மறுபடி முக்கினாலோ, சிறுநீரே வராமல் கத்தினாலோ, சாப்பிடாமல் மூலையில் சுருண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே கிளம்புங்கள். உங்கள் பக்கத்தில் ராத்திரியில் பூனை பார்க்கும் மருத்துவமனை எது என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். இதே காரியத்தை நடுராத்திரியில், கையில் துடிக்கும் பூனையோடு செய்வது கொடுமை. பகல் நேரம் என்றால் பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் பிராணிகள் மருத்துவமனை செம்பூரிலிருந்து தூரமில்லை.

மகளுக்குக் கடிபட்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல் பதிந்ததா, ரத்தம் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பூனைக் கடிக்கும் வெறிநாய்க்கடி தடுப்பூசி உண்டு. நாய்க்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடிபட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் இன்னும் காட்டவில்லை என்றால், ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று இருந்துவிடாமல் இன்றே குழந்தையைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். கந்தனின் தடுப்பூசிச் சீட்டையும் எடுத்துப் போங்கள். அதில் தேதி தாண்டியிருந்தால் அவனுக்கும் போட்டுவிட வேண்டும்.

இனி, மாமியார் சொல்லும் வன்மம்.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். மெத்தை நாறுகிறது, நடந்தால் காலில் நகம் பதிகிறது, நாலு மணிக்குத் தூக்கம் போகிறது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் “இவர்கள் என் வீட்டை மாற்றினார்கள், இவர்கள் மெத்தையைக் கெடுக்கிறேன்” என்று கணக்குப் போட்டுப் பழி வாங்குவது பூனையின் குணத்தில் இல்லை. வேறொன்று நடக்கிறது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூனைகளை மாதக்கணக்கில் கவனித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தீனி நேரம் தள்ளிப்போனது, பார்த்துக்கொள்ளும் ஆள் மாறியது என்று அன்றாடம் கலைந்த வாரங்களில், ஏற்கெனவே சிறுநீர்ப்பை நோய் இருந்த பூனைகள் மட்டுமில்லை, நல்ல ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன, தீனியை ஒதுக்கின, பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தன. அன்றாடம் கலைந்தால் பூனைக்கு உடம்பு கெடுகிறது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பூனைகள் சிறுநீர்த் தொந்தரவோடு எங்களிடம் வரும்போது, பாதிக்கு மேற்பட்டவற்றில் கல்லும் இருப்பதில்லை, கிருமியும் இருப்பதில்லை. அழற்சி மட்டும் இருக்கும். அதைக் கிளப்பிவிடுவதில் மன உளைச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏன் பூனைக்கு இடம் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். இன்றைய வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியக் காட்டுப் பூனையின் வழி வந்தவை என்று 2007-ல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. அந்தக் காட்டுப் பூனை தனியாக வேட்டையாடும், தனியாகத் தூங்கும். நாய்க்குத் தன் கூட்டம் பாதுகாப்பு. பூனைக்குத் தனக்கு அத்துப்படியான நிலம்தான் பாதுகாப்பு: எந்தச் சந்தில் ஒளியலாம், எந்தச் சுவரில் ஏறலாம், எந்த ஜன்னல் எப்போது திறக்கும் என்ற விவரம். சேடா நகரில் கந்தனுக்கு அந்த விவரமெல்லாம் கைவசம் இருந்தது. கன்னத்திலும் தாடையிலும் பாதத்திலும் சுரக்கும் தன் வாசனையைக் கதவு, கம்பம், படிக்கட்டு என்று ஐந்து வருடம் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தான். திலக் நகரில் புது பெயின்ட் வாசனையும் முன்பு குடியிருந்தவர்களின் வாசனையும்தான் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்த பெரியவரை மாலை ஆறு மணிக்குக் கூட்டம் நெரியும் தாதர் ஸ்டேஷன் பாலத்தில் தனியாக விட்டால் அவர் எப்படித் திகைத்து நிற்பாரோ, அந்த நிலையில் அவன் மூன்று மாதமாக இருக்கிறான்.

அந்த வீட்டில் உங்கள் வாசனை மிக அதிகமாக இருப்பது கட்டிலிலும் துணிகளிலும்தான். பயந்த பூனைக்கு ஆறுதலான இடம் அதுவே. போதாக்குறைக்கு அது மெத்தென்று இருக்கிறது, உறிஞ்சுகிறது, காலால் பறித்தால் மண் மாதிரி நெகிழ்கிறது. அடையாளம் வைப்பதற்காகப் பீய்ச்சும் பூனை வேறு மாதிரி செய்யும்: நின்றபடி, வாலைத் தூக்கி நுனியை நடுக்கி, சுவரிலோ சோபா முதுகிலோ கொஞ்சமாகத் தெறிக்கும். நீங்கள் சொல்வது படுக்கை வாட்டத்தில் இருக்கும் இடங்கள். ஆகவே இது எல்லைத் தகராறு இல்லை, கழிப்பிடப் பிரச்சினை. இதைத் தீர்ப்பது ஒப்பீட்டளவில் சுலபம்.

உங்கள் லிட்டர் பாக்ஸைப் பூனையின் இடத்திலிருந்து பாருங்கள். மூடி போட்டிருப்பதால் உள்ளே நாற்றம் தங்குகிறது, வெளியே யார் வருகிறார்கள் என்று தெரிவதில்லை, தப்ப ஒரே வழி. வாசனை போட்ட மண் நமக்குப் பூ மணம், நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான அவன் மூக்குக்கு உறுத்தல். பக்கத்தில் வாஷிங் மெஷின். துணி பிழியும் சுற்று ஓடும்போது தரையே அதிரும். அவன் உள்ளே இருக்கும்போது ஒரே ஒரு முறை அது கிளம்பியிருந்தாலும் போதும், அந்த மூலை அவனுக்கு ஆபத்தான மூலை. இதோடு சிறுநீர் கழிக்கும்போது வலியும் இருந்திருந்தால், “அந்தப் பெட்டிக்குள் போனால் வலிக்கிறது” என்றுதான் அவன் மனதில் பதியும்.

எனவே மூடியைக் கழற்றிவிடுங்கள். இன்னும் நல்லது, கட்டிலடியில் தள்ளி வைக்கத் துணி அடுக்கும் நீளமான, ஆழம் குறைந்த பிளாஸ்டிக் பெட்டி கிடைக்குமே, அதில் இரண்டு வாங்குவது. மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை அவன் உடம்பைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும், ஏறத்தாழ 70 செ.மீ. கடைகளில் லிட்டர் பாக்ஸ் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை குட்டிக்குத்தான் போதும். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, இரண்டு பூனைக்கு மூன்று என்பது எங்கள் வழக்கமான கணக்கு. வாசனை இல்லாத, ஈரம் பட்டால் கட்டியாகும் நைஸ் மண்ணை நாலைந்து செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். கந்தன் மண்ணில் பழகியவன் என்பதால், ஒரு பெட்டியில் மட்டும் நர்சரியில் கிடைக்கும் உரம் கலக்காத செம்மண்ணைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். அவன் எந்தப் பெட்டிக்கு முதலில் போகிறான் என்பதே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். பழகின பிறகு செம்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டியை இப்போதைக்கு உங்கள் படுக்கையறையிலேயே வையுங்கள். முகம் சுளிப்பீர்கள், தெரியும். ஆனால் அவன் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பக்கத்தில் முதலில் வைத்து, அங்கே அவன் ஒழுங்காகப் போக ஆரம்பித்த பின் நாளுக்கு ஒரு சாண் வீதம் நகர்த்திக்கொண்டு போகலாம். இன்னொன்றை ஹாலில் ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், தண்ணீர், தீனிக் கிண்ணங்களை விட்டுத் தள்ளி வையுங்கள். காலையும் மாலையும் அள்ளிவிட வேண்டும். நாள் கணக்கில் அள்ளாத பெட்டிக்குப் பூனை போகாவிட்டால் அது பூனையின் தப்பு இல்லை.

கட்டிலுக்கு ஒரு வாட்டர்ப்ரூஃப் உறை போட்டுவிடுங்கள். பகலில் அவனைக் கட்டிலின் மேலேயே வைத்து விளையாடுங்கள், நாலைந்து தீனி மணிகளை அங்கேயே போட்டுச் சாப்பிட விடுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பொதுவாகச் சிறுநீர் கழிக்காது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். அப்படிச் சாத்தும்போது அங்கே வைத்த பெட்டியை மறக்காமல் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் அது அநேகமாக ஃபினாயிலாகத்தான் இருக்கும், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. துடைத்த ஈரத் தரையில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். அப்படியே உள்ளே போய்விடும். பூனை உள்ள வீட்டில் ஃபினாயில் வேண்டாம், அலமாரியில் அந்துருண்டையும் வேண்டாம். இதே கல்லீரல் காரணத்தால் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று போதும் ஒரு பூனையைக் கொல்ல. ஜுரம் என்று யாராவது அன்பாகக் கொடுத்துவிடாமல் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அம்மோனியா கலந்த கிளீனரும் உதவாது, அதன் வாடை அவனுக்குச் சிறுநீர் வாடையாகவே படும், “இதுதான் இடம்” என்று மறுபடி அழைக்கும். செல்லப் பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் கிடைக்கிறது. முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றி, பிறகு என்சைம் கிளீனரை மெத்தைக்குள் இறங்கும் அளவு ஊற்றித் தானாகக் காய விடுங்கள். மேலாகத் தெளித்துத் துடைத்தால் நமக்கு வாடை போகும், அவனுக்குப் போகாது.

செய்யும்போது கையும் களவுமாகப் பிடித்தாலும் அடிக்கக் கூடாது, மூக்கை அதில் தேய்க்கவும் கூடாது. அவனுக்கு “இங்கே போகக் கூடாது” என்று புரியாது, “இவர்கள் இருக்கும்போது போகக் கூடாது” என்றுதான் புரியும். அடுத்த முறை நீங்கள் பார்க்காத மூலையாகத் தேடிக்கொள்வான்.

அந்த வீட்டை அவனுடைய வீடாக்க வேண்டும். ஒரு மெல்லிய பருத்தித் துணியால் அவன் கன்னத்தை, தாடையோரத்தை இதமாகத் தடவி, அதே துணியைக் கதவு நிலை, சோபாக் கால், கட்டில் கால் என்று அவன் மூக்கு உயரத்தில் தேய்த்து விடுங்கள். தினமும் செய்யலாம், மகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வாள். அவன் படுக்கும் சாக்கையோ போர்வையையோ எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைத்துவிடாதீர்கள். வீடு மாற்றிய அட்டைப்பெட்டிகள் இன்னும் இருந்தால் இரண்டைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, மூலையில் போடுங்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-ல் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளை வைத்துப் பார்த்தபோது, ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட வெகு சீக்கிரம் பதற்றம் தணிந்தன. உயரத்தில் ஓர் இடமும் வேண்டும். அலமாரி மேலோ லாஃப்ட்டிலோ ஏற வசதியாக ஒரு ஸ்டூல் போட்டு, மேலே பழைய போர்வையை மடித்து வையுங்கள். நகம் கீற ஒரு மரக்கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாமல் நிறுத்துங்கள். அவன் பின்னங்காலில் நின்று முழுசாக நெளிக்கும் உயரம் இருக்க வேண்டும், மூன்றடி போல. கீறும்போது பாதத்திலிருந்தும் வாசனை படுகிறது, அதனால் அது அவன் இடம் ஆகிறது. முக வாசனையைச் செயற்கையாகச் செய்து பிளக்கில் செருகும்படி விற்கிறார்கள். சில பூனைகளுக்கு உதவுகிறது. வாங்கினால் தவறில்லை, ஆனால் பெட்டியைச் சரிசெய்யாமல் அதை மட்டும் வாங்கிப் பயனில்லை.

ஜன்னல் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 14-வது மாடி. ஸ்லைடிங் ஜன்னல், ஏசி பெட்டி மேல் புறா. கந்தன் கீழ்த்தள ஜன்னலில் குதித்துப் பழகியவன், உயரம் என்ற கணக்கு அவனுக்கு இல்லை. பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று நம்பி வலை கட்டாமல் விட்டவர்களின் பூனைகளை நான் மேசையில் பார்த்திருக்கிறேன்: உடைந்த தாடை, கிழிந்த அண்ணம், மூச்சு முட்டும் நெஞ்சு. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987-ல் வந்த கட்டுரையைக் காட்டி, பத்தில் ஒன்பது பிழைத்தனவே என்பார்கள். அது உயிரோடு மருத்துவமனை வரை வந்து சேர்ந்தவற்றின் கணக்கு. வாடகை வீடாக இருந்தாலும் சொந்தக்காரரிடம் கேட்டு வலை கட்டிவிடுங்கள். புறாவுக்குக் கட்டும் மெல்லிய நைலான் வலையை அவன் கடித்துவிடுவான், கம்பி வலை நல்லது. வலை வந்துவிட்டால் அந்த ஜன்னலோரமே அவனுக்குப் பெரிய பொழுதுபோக்கு. புறாவைப் பார்த்துப் பல்லைக் கடகடவென்று அடித்துக்கொள்வானே, அதை மணிக்கணக்கில் செய்துகொண்டிருப்பான்.

மாமியாரின் காலுக்கு வருகிறேன். அவர் நடக்கும்போது புடவைக் கரை தரையோடு அசைகிறது. காம்பவுண்டில் ஓணானையும் எலியையும் துரத்திய பூனைக்கு, இந்த வீட்டில் அசைவது அது ஒன்றுதான். அதில் விரோதம் இல்லை, வேட்டை வேலை இல்லாத வேட்டைக்காரன் அவன். தினம் இரண்டு மூன்று தடவை, பத்துப் பத்து நிமிடம், ஒரு குச்சியில் கயிறு கட்டி நுனியில் இறகோ துணி முடிச்சோ வைத்து விளையாட்டுக் காட்டுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டக் கூடாது. எலி ஓடுவது போல அவனை விட்டு விலகி ஓட வேண்டும், சோபாவுக்குப் பின்னால் மறைய வேண்டும், நிற்க வேண்டும். கடைசியில் அவன் பிடிக்க விட்டு, உடனே தீனி வையுங்கள். லேசர் விளக்கு வேண்டாம், பிடிக்கவே முடியாத இரை அவனை எரிச்சலாக்கும். மாமியார் அறையை விட்டு வெளியே வரும் முன் கையில் நாலு தீனி மணி வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வீசினால் அவன் அந்தப் பக்கம் ஓடிவிடுவான்.

அவருக்கு இன்னொரு வழியும் சொல்லுங்கள். தூரத்தில் உட்கார்ந்தபடி கந்தனைப் பார்த்துக் கண்ணை மெதுவாக, பாதியாக மூடித் திறக்கட்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் இதைச் சோதித்தார்கள். அப்படிக் கண் சிமிட்டியவர்களைப் பார்த்துப் பூனைகளும் அதிகமாகக் கண் சிமிட்டின, அறிமுகமில்லாத ஆளாக இருந்தாலும் அருகே வந்தன. விறைத்துப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். அவர் பயத்தோடு உற்றுப் பார்ப்பதும் அவனுக்கு அப்படித்தான் படும். நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க எழும்போது அவர் தடுக்கி விழாமல் இருக்க, ஹாலில் ஒரு சிறிய விளக்கை எரிய விடுங்கள். இந்த விஷயத்தில் பூனையைவிட எனக்கு அவர் இடுப்பெலும்பின் மீதுதான் கவலை.

நாலு மணிக் கத்தலுக்குக் காரணம் இரண்டு. விடியலும் அந்தியும்தான் பூனையின் வேட்டை நேரம். அதோடு, கத்தினால் யாராவது எழுந்து கிண்ணத்தில் ஏதாவது போடுகிறார்கள். இல்லையென்றால் திட்டவாவது செய்கிறார்கள். இரவு பத்து மணிக்கு நன்றாக விளையாட விட்டு, அன்றைய பெரிய சாப்பாட்டை அப்போது கொடுங்கள். காலையில் நீங்கள் எழுந்து பல் தேய்த்துப் பால் காய்ச்சி முடித்த பிறகு கொடுங்கள், எழுந்த கையோடு வேண்டாம். கத்தும்போது யாரும் எழக் கூடாது, பேசக் கூடாது. முதல் ஒரு வாரம் கத்தல் கூடும். அந்த வாரத்தில் ஒரு நாள் பொறுக்காமல் எழுந்து போட்டுவிட்டால், இவ்வளவு கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். ஆனால் ஒன்று: கத்தலோடு முக்கலும் சேர்ந்தால் இந்த விதி செல்லாது, எழுந்துபோய்ப் பாருங்கள்.

மகளை அவன் முன்னறிவிப்பின்றிக் கடித்தான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அறிவித்திருப்பான். வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும், காது பக்கவாட்டில் திரும்பும், தலை கையை நோக்கி மெல்ல வரும். அதற்கு மேல்தான் பல். மடியில் வந்து படுத்தது “பக்கத்தில் இருக்கிறேன்” என்று சொல்லத்தான். ஓயாமல் தடவுவதைச் சில பூனைகளால் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. வயிறு வலிக்கும் பூனையால் சுத்தமாக முடியாது. கன்னம், தாடை, காதடி, அதுவும் மூன்று நாலு தடவல், பிறகு கையை எடுத்துவிட்டு அவன் தலையை முட்டிக் கேட்கிறானா என்று பார்க்க வேண்டும். வயிற்றைத் தொடவே வேண்டாம், மல்லாந்து படுத்துக் காட்டினாலும் சரி. அவனைப் பரிசோதித்து மருந்து ஆரம்பிக்கும் வரை மகள் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாடு சுருக்கமாக. காய்ந்த தீனியில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். பவுச்சில் வரும் ஈரத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல். சிறுநீர் நீர்த்துப் போனால் சிறுநீர்ப்பைக்கு நல்லது, அதனால் ஈரத் தீனிக்கு மாற்றுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை மூன்று இடத்தில் வையுங்கள். செவ்வாய், வெள்ளி வீட்டில் கவிச்சி இல்லை என்று தயிர்சாதம் போடும் வழக்கம் இருந்தால், அந்த நாட்களுக்கும் பவுச் வாங்கி வைத்துவிடுங்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து வெளியிலிருந்து வர வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் இதயத் தசை பலவீனமாகும் என்று 1987-லேயே கண்டுபிடித்தார்கள்.

வாட்ச்மேனிடம் விடுவது பற்றி. உங்கள் கணவர் கொடுமைக்காரராக இருந்து அப்படிச் சொல்லவில்லை, “பழைய இடத்தில் சந்தோஷமாக இருப்பான்” என்ற எண்ணத்தில் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இடம் இனி இல்லை. கட்டடம் இடிபடும், ஜேசிபி வரும், தகரத் தடுப்பு எழும்பும், அவன் ஏறிய சுவரே போய்விடும். மூன்று மாதத்தில் வேறு ஆண் பூனைகள் அந்த மூலைகளைப் பிடித்திருக்கும். வாட்ச்மேனும் இன்னொரு சைட்டுக்கு மாறிப் போவார். பசியிலும் தாகத்திலும் வாடும்படி வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. முக்கியமாக, சிறுநீர் அடைப்பு வரக்கூடிய பூனை அவன். தெருவில் அடைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால், அவன் உடல்நிலையை மறைக்காமல் சொல்லி, இன்னொரு வீட்டில் கொடுப்பதுதான் முறை. நீங்கள் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாதமாக அவன் மேல் தப்பு என்று நினைத்துச் செய்தவற்றைத்தான் முயன்றிருக்கிறீர்கள், அவன் தேவை என்ன என்று பார்த்து இன்னும் எதுவுமே முயலவில்லை.

எவ்வளவு நாளாகும் என்றால், பெட்டியும் மண்ணும் இடமும் சரியாக அமைந்தால் ஓரிரு வாரத்தில் கட்டில் பக்கம் போவது குறையும். முழுவதும் அடங்க இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கணபதி ஊர்வல மேளம், தீபாவளி வெடி, வீட்டில் விருந்தாளி என்று வந்தால் ஒன்றிரண்டு நாள் பழையபடி செய்யக்கூடும். அந்த நாட்களில் கதவு ஜன்னலைச் சாத்தி, ஓர் அறையில் பெட்டி, தண்ணீர், அட்டைப்பெட்டி எல்லாவற்றோடும் அவனை விட்டுவிடுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், எங்கே, எவ்வளவு ஈரம், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று எழுதி வாருங்கள். ஆறு வாரம் கழித்தும் மாற்றம் இல்லையென்றால் அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் பூனைகளுக்கும் உண்டு, எடை பார்த்து, கல்லீரல், சிறுநீரகம் பரிசோதித்துத்தான் கொடுப்பார்கள். மனிதருக்கு எழுதிய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிவிடக் கூடாது. போகும்போது காலையில் அள்ளிய கட்டிகள் எத்தனை, என்ன அளவு என்று சொன்னாலே அவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும். ஒருநாள் கட்டியே இல்லையென்றால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.